நல்ல வீடியோ கேம் எப்படி இருக்கும்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சனிக்கிழமை சாயங்காலம் சீரியலை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, பின்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

பிள்ளைகள் முறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய நான்காவது தீர்மானம், இந்தப் பொது ஹாலின் வைஃபையைச் சாயங்காலத்தில் நிறுத்திவிடுவது பற்றியது. அந்தத் தீர்மானம் வந்ததே என்னால்தான். மே மாத லீவில் நம் வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். "ஹாலுக்குப் பக்கத்து மாடிப்படியில் எட்டுப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் கேம் ஆடுகிறார்கள். வழிவிடச் சொன்னால் காதில் விழுவதில்லை. வைஃபையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரல் போட்டீர்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் என் பேரன். எட்டாம் வகுப்பு. அவன் பெயரை நான் அந்தச் செய்தியில் எழுதவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நான் பேச வந்திருப்பதே அந்தப் புகாரில் பாதியைத் திரும்பப் பெறுவதற்குத்தான். மீதிப் பாதியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

செய்தி போட்டு இரண்டு வாரம் கழித்து பேங்க் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வந்தேன். என் பென்ஷன் கணக்கிலிருந்து மூன்று வாரத்தில் ஏழு தடவை பணம் போயிருந்தது. மொத்தம் 4,800 ரூபாய். என் போனில்தான் பையன் ஆடுவான். கடவுச்சொல் அவனுக்குத் தெரியும், என் கண்ணாடி எங்கே என்று தேடிக்கொடுப்பதும் அவன்தான், அதனால் அவனிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. கேட்டதும் அழுதான். அடிக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அடிக்காமல் இருந்தவள், வீட்டில் அடிக்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். "எதுக்குடா இவ்வளவு பணம்?" என்றேன். "தெரியல ஆயா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் கட்டினேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்பது, அந்த விளையாட்டை நானே திறந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. விளையாட்டின் பெயர் வேண்டாம். அதுபோல் நூறு இருக்கின்றன. கணக்கு டீச்சர் ஆயிற்றே, நோட்டுப் புத்தகம் எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

முதல் விஷயம், அங்கே எதற்கும் ரூபாயில் விலை கிடையாது. ரூபாயைக் கொடுத்து அந்த விளையாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் வாங்க வேண்டும். 200 ரூபாய் என்று போட்டால் பிள்ளைக்கும் கை நடுங்கும். 150 நாணயம் என்றால் நடுங்காது. இரண்டாவது, நாணயம் 400 என்று கட்டாகத்தான் கிடைக்கும். பெட்டியின் விலையோ 150. 400-ஐ 150-ஆல் வகுத்தால் இரண்டு பெட்டி போக 100 மிச்சம். அந்த 100-ஐ வைத்து ஒன்றும் வாங்க முடியாது, விட்டுவிடவும் மனசு வராது. எனவே இன்னொரு கட்டு. மீதி வரும்படியாகவே விலை வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது. மூன்றாவது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறக்கும் வரை தெரியாது. பத்துத் தடவையில் ஒரு தடவை நல்லது வரும். அந்த ஒரு தடவைக்காக ஒன்பது தடவை திறப்பான். திருவிழாவில் வளையம் எறியும் கடை இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் திருவிழா மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காவது, தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் வராவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பையனுக்குக் காய்ச்சல் அடித்த அன்றைக்கும் போனைக் கேட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

இதைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. மிகுந்த திறமையோடு செய்திருக்கிறார்கள். ஆனால் திறமை முழுதும் பிள்ளையை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைப்பதற்கே போயிருக்கிறது. விளையாட்டு என்று பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

இது வரைக்கும் என் புகாரின் கெட்டியான பாதி. இனி மற்றப் பாதி.

ஜூன் மாதம் என் தங்கை மகள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். டொராண்டோ பக்கம் இருக்கிறாள். இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டு, "பெரியம்மா, சினிமா எல்லாமே மோசம்னு சொல்வீங்களா? இதுலயும் நல்லது கெட்டது இருக்கு" என்று லேப்டாப்பைத் திறந்து ஒரு விளையாட்டைப் போட்டாள். பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெண்பா."

விசை கேம்ஸ் என்ற டொராண்டோ நிறுவனம் செய்தது. 2023 ஜூலை 31-இல் வெளியானது. சிறிய குழு, அதன் வடிவமைப்பாளர் அபி என்பவர். கதை 1980-களில் தொடங்குகிறது. வெண்பா, பாவலன் என்று ஒரு தமிழ்த் தம்பதி கனடாவுக்குக் குடிபெயர்கிறார்கள். அவர்களுக்கு கவின் என்று மகன் பிறக்கிறான். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, புள்ளிக்கணக்கு கிடையாது. சமைக்க வேண்டும், அவ்வளவுதான். முழுசாக ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா, முதல் படைப்புக்கான விளையாட்டு விருதை இதற்குக் கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவின் தலைசிறந்த பரிசும் இதற்குத்தான். இட்லிக் கொப்பரையை வைத்துக்கொண்டு உலக விருது வாங்கியிருக்கிறார்கள்!

விருதுக்காக நான் இதைச் சொல்லவில்லை. விளையாட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே சிதைந்து போயிருக்கிறது. முதலில் இட்லி. குறிப்பில் பாதி அழிந்திருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேரன் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்கு மேல் குழி வருகிற மாதிரி அடுக்கினான். சரியாக வரவில்லை. நான் சும்மா இருக்க முடியாமல், "மாத்தி அடுக்குடா. மேல்தட்டுக் குழி கீழ்த்தட்டுக் குழிமேல உட்காரக் கூடாது. ஆவி எப்படிப் போகும்?" என்றேன். மாற்றினான். வெந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். கணக்கில் நான் சொல்லிக்கொடுத்து ஒரு நாளும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

தப்பாகச் செய்தால் அந்த விளையாட்டு திட்டுவதில்லை, பணம் கேட்பதில்லை, உயிர் போனது என்று நம்மை வெளியே தள்ளுவதும் இல்லை. மறுபடி செய்யச் சொல்கிறது. வீட்டில் அம்மா சமையல் கற்றுக்கொடுப்பது போல. கதை நகர நகர மகன் பெரியவனாகிறான். வீட்டுச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூச்சப்படுகிறான், தமிழை விட்டு விலகுகிறான். பிறகு ஒரு கட்டத்தில் அவன் தானே அந்த நோட்டை எடுத்துச் சமைக்க வேண்டி வருகிறது. அப்போது குறிப்பைப் படிப்பதே அவனுக்குக் கஷ்டம். தாயின் எழுத்து மகனுக்குப் புதிராகிவிட்டது. இதை யாரும் வசனத்தில் சொல்லி அழவில்லை. ஆடுகிறவர் கையே அதை உணர்கிறது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். சொல்ல வந்த விஷயம் விளையாட்டின் விதிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆடி முடித்ததும் பையன் கேட்டான்: "ஆயா, உங்க அம்மா எழுதின நோட்டு இருக்கா?" இருந்தது. சாம்பார்ப் பொடி அளவிலிருந்து பிரசவ லேகியம் வரைக்கும் எழுதியிருந்தார்கள். ஆறு வருஷம் முன்னால் சொந்த வீட்டை விட்டு இந்த பிளாட்டுக்கு வந்தபோது, இடம் போதாது என்று பழைய பேப்பரோடு நானே எடைக்குப் போட்டேன். அவனிடம் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த "விதிக்குள்ளேயே விஷயம்" என்பது நமக்குப் புதிதல்ல. பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லது செய்தால் ஏணி, தீயது செய்தால் பாம்பு. தாயம் விழுவது நம் கையில் இல்லை. எவ்வளவு உயரம் போனாலும் கடைசியில் ஒரு பெரிய பாம்பு காத்திருக்கும். உபதேசமே இல்லாமல் ஒரு வாழ்க்கைப் பாடம். இதே விளையாட்டு இங்கிலாந்து போய், காலப்போக்கில் வெறும் பாம்பும் ஏணியுமாகிவிட்டது. படம் இருக்கிறது, பாடம் போய்விட்டது.

இன்னொன்று சொல்கிறேன். நான் கல்வராயன் மலையில் வேலை பார்த்த நாட்களில், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் பிடித்துப் போவேன். மதியச் சாப்பாட்டு வேளையில் மலைப் பிள்ளைகள் பள்ளி வராண்டாவில் கரிக்கட்டையால் கோடு போட்டு ஆடுபுலி ஆடுவார்கள். மூன்று கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. நான் கணக்கு டீச்சர் என்ற தைரியத்தில் புலி எனக்கு என்று கேட்டு வாங்கினேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆடுகளை வைத்து என் மூன்று புலிகளையும் மூலையில் அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். புலிக்குத் தாண்டி வெட்டும் பலம் இருக்கிறது. ஆட்டுக்கு எண்ணிக்கை மட்டும்தான். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும் வரை எதையும் நகர்த்தக் கூடாது. அதனால் ஆரம்பத்தில் புலிக்குக் கொண்டாட்டம். போகப் போக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று துணையாக நின்றால், வெட்டுவதற்குக் காலி இடமே இல்லாமல் புலி மாட்டிக்கொள்ளும். பலம் வேறு, எண்ணிக்கை வேறு. இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விதி. ஆனாலும் ஆட்டம் சமமாக நிற்கிறது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தும் சரியாக வராத சமநிலை இது. செலவு ஒரு கரிக்கட்டை. நேபாளத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு, நான்கு புலி, இருபது ஆடு.

ஆகவே படம் பளபளப்பாக இருப்பதற்கும் விளையாட்டு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸில் வெறும் கட்டங்கள்தான் விழும். நாற்பது வருஷம் தாண்டியும் ஆடுகிறார்கள். 2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே ஆள், படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, நான்கு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து முடித்தார்.

2018-இல் செலெஸ்ட் என்று ஒன்று வந்தது. ஒரு பெண் மலையேறுகிறாள். கஷ்டமான விளையாட்டு, நூறு தடவை விழுவோம். ஆனால் விழுந்த அடுத்த நொடியே விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்போம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், கண் இமைக்கிற நேரத்துக்குள் பட்டனை அழுத்திவிட்டால், தாவினதாகவே அந்த விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. "சரியான நேரத்தில் தாவினேன்" என்றே நினைப்பார். தெரியாமல் செய்யும் உதவி. அப்படியும் முடியாதவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் வைத்திருக்கிறார்கள், கேலி செய்யாமல்.

என் பேரன் ஆடிய பெட்டி விளையாட்டிலும் ஆடுகிறவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது: மிச்சம் வரும்படி வைத்த விலை. இங்கே தெரியாமல் கை கொடுக்கிறார்கள், அங்கே தெரியாமல் கையை விடுகிறார்கள், பைக்குள்.

2017-இல் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட செல்டா விளையாட்டில் தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் அது வெறும் படமில்லை, நடந்துபோய் ஏறலாம். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டளை கிடையாது. நம் மொட்டை மாடியில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே கல்வராயன் மலை தெரிகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறார்கள் என்று கை தூக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டாம், பெரியவர்கள்தான் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

ஏ பிளாக் சார் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "டீச்சரம்மா, நல்ல விளையாட்டோ கெட்ட விளையாட்டோ, கண்ணு கெட்டுப்போறது கெட்டுப்போறதுதானே? தூக்கம்?" சார் சொல்வது சரி. நல்ல சாப்பாடு என்பதற்காக நாள் முழுக்கவா சாப்பிடுகிறோம்? நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றும் கேட்கலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இரண்டும் தேவையானவை. ஆனால் என் பேரன் பணம் ஜெயிக்க ஆடவில்லை; பொம்மைக்குச் சட்டை வாங்கத்தான் பெட்டி திறந்தான். பெல்ஜியம் 2018-லேயே அந்தப் பெட்டியையும் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. இங்கே அதற்குக் காவல் நாம்தான்.

வைஃபையை நிறுத்தினால் அந்தப் பெட்டி நிற்காது. பிள்ளைகள் போன் டேட்டாவில் ஆடுவார்கள். நம் கண்ணுக்கு முன்னால் மாடிப்படியில் இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போவார்கள். நான் புகார் எழுதியபோது எத்தனை நேரம் ஆடுகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். என்ன ஆடுகிறார்கள் என்று ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த 4,800 ரூபாயில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பிள்ளை புதிதாக ஒரு விளையாட்டைக் கேட்டால் நான் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். ஒன்று: இதற்கு முடிவு உண்டா, அல்லது எந்த இடத்திலாவது எழுந்து போக விடுமா? இரண்டு: விலை முன்கூட்டியே ரூபாயில் சொல்கிறதா, உள்ளே போன பிறகு நாணயத்தில் கேட்கிறதா? மூன்று: ஆடி முடித்த பின் அதைப் பற்றி எனக்குச் சொல்ல உன்னிடம் ஏதாவது இருக்குமா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெட்டி விளையாட்டைப் பற்றி மூன்று வாரத்தில் அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெண்பாவைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறான்.

நான்காவது தீர்மானத்துக்குப் பதிலாக நான் முன்வைக்கும் திருத்தம் இது. ஹால் வைஃபை இரவு 8 மணி வரை இருக்கட்டும், அதற்குப் பிறகு நிறுத்திவிடலாம். மாடிப்படியில் உட்காரக் கூடாது, ஹாலுக்குள் உட்காரலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இந்த ஹாலின் பெரிய டிவியில் ஒரு நல்ல விளையாட்டைப் போட்டு, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சேர்ந்து ஆட வேண்டும். பெரியவர் இல்லாமல் பிள்ளைக்கு அனுமதி இல்லை. பிள்ளை இல்லாமல் பெரியவருக்கும் இல்லை. மற்ற இரண்டு சனிக்கிழமை ஆடுபுலியும் பல்லாங்குழியும். கோடு போட நான் வருகிறேன், வாட்ச்மேன் அண்ணன் திட்டாமல் இருந்தால் சரி. கூடவே, இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் போனில் பணம் செலுத்தக் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் என் பேரனைக் கூப்பிடுங்கள். அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் இப்போது ஒரு புது நோட்டு இருக்கிறது. அம்மா குறிப்புகளில் எனக்கு ஞாபகம் இருப்பதை நான் சொல்லச் சொல்ல அவன் தமிழில் எழுதுகிறான். ற, ர எல்லாம் குழப்பம்தான். சாம்பார்ப் பொடியில் மல்லி எத்தனை படி என்பதில் எனக்கே சந்தேகம் வந்து, நேற்று இரண்டு தடவை அரைத்துப் பார்த்தோம். இரண்டாவது சரியாக வந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். திருத்தத்தை வாக்குக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது, கையை இறக்குங்கள்.